காட்டுப் பாதையில் நான் பின்தங்கிய காலை

அன்பு மகள் நஸ்ரினுக்கு,

சுபுஹ் தொழுதுவிட்டு உனக்காகத் துஆ கேட்ட கையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "இந்த வயசுல காட்டுக்குள்ள போயி அப்படி என்னதான் பாக்கறீங்கத்தா?" என்று கேட்டாய். "சும்மாதாம்மா, காத்து வாங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சைக் கல்யாண மண்டபத்துப் பக்கம் திருப்பிவிட்டேன். நீயும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாய். ஆனால் அந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. அதற்கு உண்மையான பதில் கொஞ்சம் நீளமானது. பத்து வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு விஷயமும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. அடுத்த மாதம் உன் நிக்காஹ். அதன்பிறகு, இப்போது நீ வேலை பார்க்கும் ஹைதராபாத்திலேயே உன் குடித்தனம். அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். போனில் இரண்டு தடவை முயன்றேன். உன் குரலைக் கேட்டதும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வு பெற்ற புதிதில் உன் அம்மா பட்ட பாடு உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் கம்பெனியில் கடைசிப் பரிசோதனை மேஜையில் நின்றவன் நான். வண்டிக்குப் போகும் உருக்கு வளையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, கீறல் இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண் அப்படிப் பழகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்ததும் சப்பாத்தி வட்டமாக இல்லை, டம்ளர் விளிம்பு நெளிந்திருக்கிறது என்று ஆரம்பித்தேன். "ரிஜெக்ட் பண்றதா இருந்தா மொதல்ல என்னைப் பண்ணிடுங்க. இல்லைன்னா கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வாங்க" என்று உன் அம்மா ஒருநாள் கரண்டியோடு வந்து நின்றாள். அதே வாரம் டாக்டரும் சர்க்கரையைப் பார்த்துவிட்டு நடக்கச் சொன்னார். அப்படித்தான் காலையில் கெலவரப்பள்ளி அணைக்கரையில் நடக்க ஆரம்பித்தேன். அங்கே எனக்கு நடைத் துணையாகக் கிடைத்தவர் நாராயணப்பா. ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். அவர்தான் ஒருநாள் சொன்னார்: "தளிக்கு அந்தாண்ட காட்டுப் பூங்காவுல நடக்கறதுக்குப் பாதை போட்டுக்கீறாங்க பாய். அந்த ஊர்க்காரங்களே கூட்டிக்கினு போறாங்கோ. ஒரு தபா போலாமா?" போனோம். அவருக்கு மூட்டுவலி, ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார். என்னால் நிறுத்த முடியவில்லை.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் தளிக்குப் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் காட்டின் ஓரம் வரை போகவேண்டும். பஸ் ஜன்னலில் முட்டைக்கோஸ் தோட்டமும் ரோஜாத் தோட்டமும் பனியில் நனைந்து கிடக்கும். பக்கத்து சீட்டில் கன்னடம் கேட்கும். மூங்கில் கேட்டைத் தாண்டி உள்ளே போனால் ஐந்து கிலோமீட்டர் பாதை. ஓடையை ஒட்டிப் போய், ஒரு பாறைக்குன்றின் மேல் ஏறி, மறுபக்கமாக இறங்கித் திரும்பக் கேட்டுக்கே வந்து சேரும். திருப்பத்துக்குத் திருப்பம் சுண்ணாம்பு அடித்த கல் நட்டிருக்கிறார்கள். எங்களை அழைத்துப் போகிறவள் மாதம்மா. காட்டோர கிராமத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் ஒரு கம்பு. முதல் நாளே எங்களை வரிசையாக நிற்கவைத்து, "மூணே மூணு ரூல்ஸ் சார். பேசக்கூடாது. செண்ட் அடிச்சுக்கினு வரக்கூடாது. எனக்குப் பின்னாலதான் வரணும், ஆனா ரொம்பப் பின்னாலயும் போயிடக்கூடாது" என்றாள். அந்த மூன்றாவதைத்தான் நான் மீறினேன். அது பிறகு.

அந்த முதல் நாள் அவள் முதலில் காட்டியது யானைச் சாணம். கம்பால் அதை உடைத்து, உள்ளே செரிக்காமல் கிடந்த சிறு மணிகளைக் காட்டினாள். "ராகி சார். எங்க வயல்ல தின்னுட்டு வந்துக்குது. ரெண்டு நாளாச்சு." எப்படி ரெண்டு நாள் என்று தெரியும் என்று கேட்டேன். ஈரம், வாடை, உள்ளே குடைந்திருந்த வண்டுகள் என்று காரணங்களைச் சொன்னாள். அவளும் என்னைப் போல ஒரு பரிசோதகர்தான் என்று தோன்றியது. அடுத்து ஒரு மரம். அதன் பட்டையில், நான் எக்கிக் கை நீட்டினாலும் எட்டாத உயரத்தில், காய்ந்த சேறு அப்பியிருந்தது. யானை முதுகு தேய்த்த இடமாம். பக்கத்திலேயே அதே பருமனில் நாலு மரம் இருக்கிறது, அவற்றில் சேறு இல்லை. "ஏன் இந்த மரம் மட்டும்?" என்றேன். "அதை ஆனெயைத்தான் கேக்கணும்" என்றாள் மாதம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு சந்தோஷமும். கம்பெனியில் என் மேஜைக்கு வந்த எந்தப் பொருளுக்கும் டிராயிங் உண்டு, அளவு உண்டு, சரி அல்லது தப்பு என்ற இரண்டே முடிவு உண்டு. இங்கே பார்க்கிற எதற்கும் என்னிடம் டிராயிங் இல்லை. கரடி நகத்தால் கீறிய மரம், முள்ளம்பன்றி உதிர்த்த முள், ஓடைக்கரை மருதமரத்தில் மலை அணில் கட்டிய இரண்டு கூடு. குடியிருப்பது ஒன்று, அப்படியானால் இன்னொன்று எதற்கு? திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஒரு சின்ன நோட்டில் கேள்விகளை எழுத ஆரம்பித்தேன். இன்றைக்கு நோட்டு முக்கால்வாசி நிறைந்துவிட்டது. பதில் கிடைத்தது பத்தோ பன்னிரண்டோதான். அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. அறுபதை நெருங்கும் வயதில் ஒரு மனுஷனுக்குச் சனிக்கிழமை எப்போது வரும் என்று இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

ஆனால் அந்த நோட்டில் எழுதும்போதெல்லாம் உன் ஞாபகம் வரும். உனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஒரு பெருநாள் சாயந்திரம் உன்னை ஸ்கூட்டரில் அணைக்குக் கூட்டிப் போனேன். மதகுக்குக் கீழே வெள்ளை நுரை பொங்கிக்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் நுரையைப் பார்த்தார்கள். நீ எதிர்ப்பக்கம் திரும்பி நின்றாய். "அந்தக் கரைக்கு அப்பறம் என்னத்தா இருக்குது?" என்றாய். வயல் என்றேன். "வயலுக்கு அப்பறம்?" மலை, காடு என்றேன். "காட்டுக்குள்ள?" ஆனை, கரடி என்றேன். "நீங்க பாத்திருக்கீங்களா?" இல்லை என்றேன். "இவ்ளோ பக்கத்துல இருக்குது, ஏன் பாக்கல?" பதில் இல்லாத அப்பன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். "நேரமாச்சு, வண்டில ஏறு" என்று அதட்டினேன். அதன்பிறகு நீ என்னிடம் கேட்பதைக் குறைத்துக்கொண்டு, நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்க ஆரம்பித்தாய். பறவைப் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டினாய். ப்ளஸ் டூ முடித்ததும் எல்லோரும் இன்ஜினியரிங் விண்ணப்பம் போட, நீ வனவியல் படிப்புக்கும் ஒரு விண்ணப்பம் போட்டாய். உன் அம்மா, "காட்டுல போயி என்னடி பண்ணுவ?" என்று சிரித்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன். கிடைக்காது என்ற நம்பிக்கையில் போட்ட கையெழுத்து அது.

இனி நான் பின்தங்கிய அந்தக் காலையைச் சொல்கிறேன். தை மாதம், இரண்டாவது சனிக்கிழமை. நாங்கள் ஆறு பேர். பெங்களூரிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி, போச்சம்பள்ளிக் கம்பெனியில் வேலை செய்யும் மூன்று நண்பர்கள், நான். வழக்கமாக வரிசையின் கடைசியில் ஒரு காவலர் வருவார். அன்றைக்கு அந்தப் பெங்களூர் அம்மாவுக்குக் காலில் பிடிப்பு ஏற்பட்டதால் அவரைத் தாங்கிக்கொண்டு காவலர் முன்னால் போய்விட்டார். அதனால் கடைசி ஆள் நான்தான். பாறைக்குன்றை இறங்கிய இடத்தில், ஒரு பாறையின் நிழலில் மாவு போன்ற மணல். அதில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள், இருபது இருபத்தைந்து இருக்கும். குழியானை என்று சொல்வோமே, அந்தப் பூச்சி மணலில் தோண்டுகிற குழி. அடியில் ஒளிந்துகொண்டு, சறுக்கி விழும் எறும்பைப் பிடித்துத் தின்னும். சின்ன வயதில் நானும் பார்த்ததுதான். ஆனால் அன்றைக்கு ஒன்று கண்ணில் பட்டது. பெரிய குழி, சின்னக் குழி எல்லாவற்றுக்கும் சரிவு ஒரே மாதிரி இருந்தது. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு குச்சியால் மணலை மெல்லத் தட்டிப் பார்த்தேன். கொஞ்சம் அதிகமாகச் செங்குத்தாக்கினால் மணல் சரிந்து பழைய சரிவுக்கே வந்துவிடுகிறது. அப்படியானால் சரிவைத் தீர்மானிப்பது பூச்சியா, மணலா? ஒரு எறும்பு விழுந்தது. ஏறப் பார்த்தது. அடியிலிருந்து மணலை அள்ளி அதன்மேல் வீசியது அந்தப் பூச்சி. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஒருவரும் இல்லை.

முதலில் பயம் வரவில்லை. இரண்டு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம் என்று வேகமாக நடந்தேன். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் சுண்ணாம்புக் கல் எதுவும் என் கண்ணில் படவில்லை. நன்றாகத் தேய்ந்திருந்த பாதையில் போனேன். அது மாடுகள் மேயப் போகும் தடம் என்று பிறகுதான் தெரிந்தது. பத்து நிமிஷம் நடந்தபின் தடம் புதருக்குள் கரைந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. "மாதம்மா" என்று கூப்பிட வாயெடுத்தேன். அப்போது எதிரே மூங்கில் முறிகிற சத்தம். காய்ந்த மூங்கில் முறிந்தால் பட்டாசு மாதிரி கேட்கும். கூப்பிடவில்லை. மூங்கில் புதரின் மேல்பாகம் ஆடியது. காற்றில்லாமல் ஆடியது. பிறகு அதன் பின்னாலிருந்து ஒரு நெற்றி வந்தது.

நம் வீட்டு வாசலிலிருந்து எதிர்த்த மளிகைக்கடை எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம். பெண் யானை. அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு குட்டி. ஓடக்கூடாது, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கணும் என்று மாதம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள். குனிந்து ஒரு பிடி மண் எடுத்து விட்டேன். பாதி மண் என் செருப்பிலேயே கொட்டியது. மீதித் தூசி என் பக்கமாகவே வந்தது. காற்று அதனிடமிருந்து எனக்கு வருகிறது, என் வாடை அதற்குப் போகாது. கலிமா சொல்லிக்கொண்டே பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக வைத்து, ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். உன் அம்மா முகம் வந்தது. உன் முகம் வந்தது. கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் என்ன போடவேண்டியிருக்குமோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அந்தப் பயத்தின் நடுவிலும் நான் பாறை ஓரமாகத் தலையை நீட்டிப் பார்த்தேன், மகளே. பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த யானை முன்னங்காலின் நகத்தால் புல்லை அடித்து அடித்துப் பெயர்த்தது. அதைத் தும்பிக்கையில் சுருட்டி, உடனே வாயில் போடாமல், தன் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதறியது. நம் வீட்டில் கீரைக்கட்டை உதறுவது மாதிரி. குட்டியும் அதே மாதிரி செய்ய முயன்று, புல்லைப் பிடுங்கி, உதறி, கீழே போட்டுவிட்டு, வெறும் தும்பிக்கையை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வராமல் இருக்கக் கையைக் கடித்துக்கொண்டேன். கால்மணி நேரமோ அரைமணி நேரமோ தெரியாது. பிறகு அவை எனக்கு முதுகைக் காட்டி ஓடைப்பக்கமாக இறங்கிப் போயின. அவ்வளவு பெரிய உடம்பு, காய்ந்த சருகின்மேல் சத்தமே இல்லாமல் போனது. அது எப்படி என்று இன்னும் நோட்டில் கேள்வியாகத்தான் இருக்கிறது.

நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அதுவே நான் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம். கொஞ்ச நேரத்தில் மாதம்மாவும் காக்கி உடையில் இன்னொரு பெண்ணும் தடம் பார்த்துக்கொண்டே வந்தார்கள். மாதம்மா என்னைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு கன்னடத்தில் என்னவோ சொன்னாள். பாதி சாமிக்கு நன்றி, பாதி எனக்கு வசவு. மற்றவர் வனவர் கலைச்செல்வி. திருநெல்வேலிப் பக்கம். உன் வயதுதான் இருக்கும். "சார், உங்க வயசுக்கு மரியாதை குடுத்து மெதுவாத்தான் திட்டுதேன். எதுக்கு நின்னீங்க?" என்றார். குழியானை பார்க்க என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "குழியானையப் பாக்க நின்னு நெசமான ஆனைகிட்ட மாட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, நடந்துகொண்டே, அந்தச் சரிவைப் பற்றி நான் கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். எந்த மணலுக்கும் சரியாமல் நிற்கக்கூடிய ஒரு எல்லை உண்டாம். அந்தப் பூச்சி குழியை அந்த எல்லையின் விளிம்பிலேயே நிறுத்தி வைக்கிறதாம். எறும்பின் கால் பட்டாலே சரியும். எனக்குப் பதில் கிடைத்த பத்துப் பன்னிரண்டு கேள்வியில் அது ஒன்று.

கேட் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் அவரிடம் கேட்டேன். "இதெல்லாம் தெரிஞ்சுக்க என்ன படிச்சீங்கம்மா?" வனவியல் என்றார். கேட்காமல் விட்டிருக்கலாம், ஆனால் கேட்டேன். "பொம்பளப் புள்ளைய காட்டுக்கு அனுப்ப உங்க அப்பா பயப்படலையாம்மா?"

"பயந்தாங்க சார். பயங்கரமா பயந்தாங்க. இப்பவும் பயப்படுதாங்க. ரவுண்ட்ஸ் போயிட்டு வர்றதுக்குள்ள இருபது மிஸ்டு கால் கெடக்கும்" என்றார் அந்தப் பெண், வழியிலிருந்த முள்கிளையை எனக்காக விலக்கிப் பிடித்துக்கொண்டே. "பயந்துக்கிட்டேதான் அனுப்பினாங்க."

அன்று திரும்பும்போது பஸ்ஸில் நோட்டைத் திறக்கவில்லை. நான் சொல்ல வந்தது இதுதான், நஸ்ரின். உனக்கும் அந்தப் படிப்புக்கு அழைப்பு வந்தது.

விண்ணப்பத்தில் நீ என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாய். ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், கம்பெனி கேண்டீனில் இருந்தபோது எஸ்.எம்.எஸ். வந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கவுன்சிலிங், அசல் சான்றிதழ்களோடு வரவும் என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். அந்த வாரம்தான் யானை ஊருக்குள் வந்து ஒரு விவசாயியை மிதித்துவிட்டது என்று கேண்டீனில் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ காக்கி உடையில் தனியாக ஒரு காட்டுப் பாதையில் நிற்பது மாதிரி கண்ணில் தெரிந்தது. அந்தப் பயம் நிஜம். ஆனால் பயம் மட்டும்தான் என்று சொன்னால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். ஜமாத்தில் நாலுபேர் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். காட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று நினைத்தேன். அந்த மெசேஜை அழித்தேன். ஒரு பட்டன். பிறகு கை கழுவிவிட்டு மேஜைக்குப் போய் மிச்ச வளையங்களைப் பரிசோதித்தேன்.

அதைவிட மோசமானது அதற்கப்புறம் நடந்தது. ஒவ்வொரு நாளும் நான் ஷிப்ட் முடிந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நீ வாசலுக்கு வந்து, "மெசேஜ் ஏதாச்சும் வந்துச்சாத்தா?" என்று கேட்பாய். "வரலம்மா" என்பேன். கம்ப்யூட்டர் சென்டரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்றாய். "மெசேஜ் வரும்னுதான போட்டிருக்குது, பொறு" என்று உன்னை நிறுத்தியதும் நான்தான். தேதி தாண்டிப் போனது. ஒருநாள் நீயே வந்து, "மார்க்கு பத்தல போலத்தா" என்றாய். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "நீங்க ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இருக்கீங்க? பரவால்ல, நான் கம்ப்யூட்டரே படிக்கறேன்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாய். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ உன் மார்க்கைக் குறைவென்று நினைத்துக்கொண்டே இத்தனை வருஷம் இருந்திருக்கிறாய். உன் மார்க் போதுமானதாக இருந்தது, மகளே. அழைக்கும் அளவுக்கு இருந்தது. உன்னிடம் எந்தக் குறையும் இல்லை. மேஜைக்கு வந்த நல்ல பொருளை நானே ரிஜெக்ட் டப்பாவில் போட்டேன்.

இதை உன் அம்மாவிடம் போன வாரம்தான் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. அன்றைக்கும் மறுநாளும் என் தட்டில் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் காலையில், "அந்தப் புள்ள பதினேழு நாளு வாசல்ல வந்து நின்னா. நான் எண்ணிக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு, "நிக்காஹுக்கு முன்னாடி சொல்லிடுங்க. பின்னாடி சொன்னா, அவ புருஷன் பக்கத்துல இருக்கான்னு உங்களத் திட்டக்கூட முடியாது. அவளுக்குத் திட்டறதுக்கு இடம் குடுங்க" என்றாள். முப்பது வருஷமாக அவளோடு குடும்பம் நடத்துகிறேன். அவள் இப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. காட்டில் மட்டுமல்ல, வீட்டிலும் நான் சரியாகப் பார்க்காமல் விட்டது நிறைய இருக்கிறது போலிருக்கிறது.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதைக் கேட்டால், மன்னிக்கும் வேலையையும் உன் தலையில் கட்டியதாக ஆகும். கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் படு. கல்யாண வேலைக்காக அதை அடக்கிக்கொள்ளாதே. பந்தலில் எல்லோர் முன்னாலும் என்னிடம் சிரித்துப் பேசவேண்டிய கட்டாயமும் உனக்கில்லை.

குடித்தனம் தொடங்கப்போகிறாய் என்பதால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். புத்தி சொல்லும் தகுதி எனக்குக் குறைவுதான், ஆனால் இது நான் தப்புச் செய்து தெரிந்துகொண்டது. உன் புருஷன் மேல், நாளைக்கு உன் பிள்ளைகள் மேல், உனக்குப் பயம் வரும். பாசம் இருக்கிற இடத்தில் வராமல் இருக்காது. வந்தால் வாயைத் திறந்து, "எனக்குப் பயமா இருக்குது" என்று சொல்லிவிடு. நான் அன்றைக்கு உன்னிடம் அதைச் சொல்லியிருந்தால் நீ என்னோடு சண்டை போட்டிருப்பாய், அழுதிருப்பாய், ஒருவேளை என்னை ஜெயித்தும் இருப்பாய். அந்தச் சண்டை நம் இரண்டு பேருக்கும் சேரவேண்டியது. நான் பயத்தை எடுத்து ஒளித்துவைத்தேன், அது பொய்யாக மாறிவிட்டது. உன்னிடமும் யாராவது அக்கறை என்ற பெயரில் எதையாவது மறைத்தால், விடாதே. பத்து வயதில் அணைக்கரையில் கேட்ட மாதிரி, அப்பறம் என்ன, அப்பறம் என்ன என்று கேள். வண்டியில் ஏறு என்று அதட்டினால், ஏறாதே.

போன சனிக்கிழமை காட்டு கேட்டில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பறவைக் கணக்கெடுப்புக்கும் பாதை வழிகாட்டலுக்கும் தன்னார்வலர்கள் வேண்டுமாம். படிப்பு எதுவாக இருந்தாலும் சரியாம். பயிற்சி அவர்களே தருவார்களாம். ஹைதராபாத்தில் இருப்பவர்கள் அங்கேயே, பக்கத்துக் காட்டில் சேர்ந்துகொள்ளவும் ஏதோ வழி இருப்பதாகக் கலைச்செல்வி சொன்னார். மேஜையில் விண்ணப்பம் இருந்தது. நான் பேனாவை எடுத்து உன் பெயரில் முதல் எழுத்தை எழுதப் போனேன். எழுதவில்லை. உனக்காக நான் ஒருதடவை முடிவெடுத்தது போதும். அறிவிப்பை ஒரு எழுத்து விடாமல் தாளில் பார்த்து எழுதிக்கொண்டேன். இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு இஷ்டம் இருந்தால் பார். குப்பையில் போட்டாலும் போடு. இப்போது உனக்குக் கம்ப்யூட்டர் வேலைதான் பிடித்திருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் உன்னிடம் கேட்டதே இல்லை. உனக்கு உன் வேலை பிடித்திருக்கிறதா? காட்டைப் பற்றி இப்போதும் நினைக்கிறாயா? இந்த இரண்டு கேள்வியும் என் நோட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே இருக்கின்றன. இவற்றுக்கு மாதம்மாவிடமோ வனவரிடமோ பதில் கிடையாது.

எழுதி முடித்ததும் இதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னாள் உன் அம்மா. எனக்கு மனம் வரவில்லை. நாளைக் காலை நானே தபால் ஆபீசுக்குப் போய், உன் பெயருக்கு, உன் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுக்கவேண்டும் என்று சொல்லி, ஸ்பீடு போஸ்ட்டில் போடப்போகிறேன். உனக்கு வரவேண்டியது இந்தத் தடவையாவது உன் கைக்கு வந்து சேரட்டும்.

உன் அத்தா